ஒரு நாள் நவக்கிரக வேன்: 1,400 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. கோவிலுக்குப் போனால் தூணைப் பார்த்துவிட்டு, கல்வெட்டில் ரெண்டு எழுத்தாவது படிக்க முடிகிறதா என்று முயற்சி செய்துவிட்டு, பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிற ஆள். பக்தி மணம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். கும்பகோணத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோவில்களையும் சுற்றிக் காட்டுகிற தனியார் வேன் ஒன்றில் 2025 ஜூலையில், ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு போய் வந்தேன். வேன்காரர் பெயரைப் போடவில்லை. சில இடங்களில் திட்டப் போகிறேன், பெயர் போட்டுத் திட்டுவது எனக்குப் பிடிக்காது.

ஏன் போனேன் என்பதையும் சொல்லணும், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஜனவரியில் எனக்கு வேலை போய்விட்டது. பதினாலு வருடம் இருந்த கம்பெனி, ஒன்பது நிமிட வீடியோ அழைப்பு, மதியத்துக்குள் மின்னஞ்சல் கணக்கு மூடிவிட்டது. அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவர் அழவில்லை, திட்டவில்லை. ஜாதகப் பையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அஷ்டமத்துச் சனிடா உனக்கு, அதான்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கவலை இல்லை, விஷயம் பிடிபட்ட நிம்மதி.

நான் கடக ராசி, பூச நட்சத்திரம். கும்பத்தில் சனி இருந்தால் எனக்கு எட்டாம் இடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-ம் தேதியே சனி மீனத்துக்குப் போய்விட்டார், அதாவது என் கஷ்டம் முடிந்துவிட்டது. ஆனால் திருநள்ளாறு கோவில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது, அவர்கள் கணக்கில் பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் எனக்கு வேலை கிடைக்காததால் எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் ஜெயித்தது.

சரி, சேவைக்கு வருவோம். பதிவு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆளுக்கு 1,400 ரூபாய், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து. அர்ச்சனை, தரிசன டிக்கெட் நம் செலவு. அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 பிப்ரவரியிலிருந்து சனி, ஞாயிறுகளில் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகப் பேருந்து விடுகிறது, ஆரம்பித்தபோது 750 ரூபாய். (பகுத்தறிவு பேசி வந்த ஆட்சியில் கிரகத்துக்கு அரசு பஸ். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பஸ் விட முடியும்.) அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்துப் படி உயரம் என்று தனியார் வேனுக்குப் போனோம். காசு முக்கியம் என்றால் அரசு பஸ்ஸைப் பாருங்கள்.

வண்டி பதினேழு பேர் உட்காரும் டெம்போ டிராவலர். ஏசி என்று போட்டிருந்தார்கள், முன் நாலு வரிசைக்கு அது உண்மை. கடைசி வரிசையில் எங்களுக்கு வந்தது முன்வரிசைக்காரர்கள் மிச்சம் வைத்த காற்று. காலை ஐந்தரைக்குக் கிளம்பும் என்றார்கள், ஆறேகாலுக்குக் கிளம்பியது. எல்லாரிடமும் பெயர், ராசி, நட்சத்திரம், கோத்திரம் எழுதி வாங்கினார்கள். கோத்திரம் தெரியாது என்று ஒருவர் தயங்க, வழிகாட்டிப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சிவ கோத்திரம்னு போட்டுக்கறேன் சார்" என்றான். பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆனது, எங்களுக்கும்.

போகிற வரிசை: திங்களூர் சந்திரன், ஆலங்குடி குரு, திருநாகேஸ்வரம் ராகு, சூரியனார்கோவில், கஞ்சனூர் சுக்கிரன், மதியச் சாப்பாடு, பிறகு வைத்தீஸ்வரன் கோவில் செவ்வாய், திருவெண்காடு புதன், கீழப்பெரும்பள்ளம் கேது, கடைசியாகத் திருநள்ளாறு சனி. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி சாயங்காலம் நாலு மணிக்குத்தான். அதனால் ஐந்து கோவிலை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும், வேன் ஓடுகிற ஓட்டத்துக்கு அதுதான் காரணம். இந்த ஒன்பதும் அடிப்படையில் சிவன் கோவில்கள், சூரியனார்கோவில் மட்டும் விதிவிலக்கு. அது சூரியனுக்கே கட்டியது, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோவில். மற்ற இடங்களில் மூலவர் உள்ளே காற்று வாங்கிக்கொண்டிருக்க, ஓரத்துச் சன்னதியில் இருக்கும் கிரகத்தின் முன்னால்தான் வரிசை. எங்கள் பாட்டி கும்பகோணத்துக்காரர், எண்பத்தாறு வயது வரை இருந்தவர். அவர் வாயால் ஒன்பது கோவிலை ஒரே நாளில் சுற்றுவது பற்றி நான் கேட்டதே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் காலம்காலமாக இப்படித்தான் என்று வேனில் அடித்துச் சொன்னார்கள். சுற்றுவதற்கு ரோடும் வேனும் வேண்டுமே, அது எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றியது, அம்மா முறைத்தார்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

திங்களூருக்குப் போகிற வழியில், முன் சீட்டிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திரும்பி, "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். ஆறு மாதமாக நான் ஓடி ஒளிந்த கேள்வி. ரெண்டு கல்யாணத்தில் "வீட்டிலிருந்தே வேலை" என்று பொய் சொன்னேன், ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவனுக்கு அஷ்டமத்துச் சனி நடக்குது சார்" என்றார். அவர் "அடடா" என்றார். "உத்தியோகத்துலதான் கை வெப்பான். எனக்கு ஜென்மச் சனியில சஸ்பென்ஷன், பதினோரு மாசம்" என்றார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, சட்னி சிந்தாமல் எப்படிச் சாப்பிடுவது என்ற பிரச்சினைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். வேலை போனதை நானும் சொல்லவில்லை, சஸ்பென்ஷன் ஏன் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். வேன் முழுக்க இதே பாஷைதான். "உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட யாரும் முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கேட்க மாட்டார்கள். "பையனுக்கு ராகு திசை" என்றால் குடி, அல்லது கெட்ட சகவாசம். "குரு பார்வை இல்லை" என்றால் கல்யாணம் தட்டுகிறது, அல்லது குழந்தை இல்லை. ஓசூரிலிருந்து வந்த ஒரு அம்மா, "மருமகனுக்குச் சுக்கிரன் கெட்டுப் போச்சு" என்றார், பக்கத்து சீட்டு அக்கா எதுவும் கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை, சொன்னால் ஊர் பூராவும் பரவிவிடும் என்று பயப்படுவதை, கிரகத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு வெளியே கொண்டுவர முடிகிறது. மானம் போகாமல் துக்கத்தைச் சொல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நம் ஊரில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்திலும் படித்தவர்கள் ஏன் கோவில் கோவிலாகப் போகிறார்கள், ராக்கெட் விடுகிற நாட்டில் ராகு காலம் பார்க்கிறார்களே என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அறியாமை, பயம், வளர்ப்பு என்று பதிலும் ரெடியாக வைத்திருந்தேன். அதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஆறு மாதத்தில் விவரம் தெரிந்தவர்கள் எனக்குச் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். புதுத் தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டும், ஆள் பழக்கம் வளர்த்திருக்க வேண்டும், முன்னாடியே சேமித்திருக்க வேண்டும். எல்லாம் நியாயம்தான், எல்லாமே கடைசியில் "உன் தப்பு" என்பதில் போய் முடிகிறது. வேனில் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று, சனிக்கு முடிவுத் தேதி உண்டு. இது வெறும் கதையும் இல்லை. சனி சூரியனை ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது, பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு ரெண்டரை வருடம், நம் ராசிக்கு முன் ராசி, நம் ராசி, அடுத்த ராசி மூன்றும் சேர்த்தால் ஏழரை. கணக்கு சுத்தம். அந்தக் கிரகம் என் வேலையில் கை வைக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது. ஆனால் எந்த மனிதவளத் துறையும், எந்த டாக்டரும், எந்த வங்கி மேலாளரும் "இந்தத் தேதியோடு உன் கஷ்டம் சரி" என்று சொல்ல மாட்டார்கள். பஞ்சாங்கம் நாழிகை வரைக்கும் போட்டுச் சொல்கிறது.

கோவில்களைப் பற்றி. திங்களூரில் ஆள் குறைவு, நிம்மதியாக இருந்தது. அப்பூதியடிகள் ஊர் அது; நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, பிள்ளைகளுக்கும் அவர் பெயரையே வைத்தவர். ஆலங்குடியில் குருவுக்கு இருபத்துநாலு விளக்கு, இருபத்துநாலு சுற்று என்பது வழக்கம். வேன்காரர் கொடுத்த நேரம் இருபத்தைந்து நிமிடம், வரிசையில் நிற்பதையும் சேர்த்து. தலைமையாசிரியர் பதினோராவது சுற்றில் ஹார்ன் சத்தம் கேட்டு நின்றுவிட்டார், மீதிப் பதிமூன்றையும் வண்டிக்குள் மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன், கண்ணை மூடியிருந்தார்.

திருநாகேஸ்வரத்துக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை, அதைப் பிடித்துக் கொடுத்ததற்கு வேன்காரருக்கு முழு மதிப்பெண். ராகு இங்கே பாம்பு உடம்பில்லாமல் மனித உருவில், ரெண்டு மனைவிகளோடு இருக்கிறார். அபிஷேகப் பால் அவர் மேல் படும்போது நீலமாக மாறும் என்பது பிரசித்தம். பக்கத்தில் நின்ற அம்மா "நீலம், நீலம்" என்று என் முழங்கையை இடித்தார். நான் நின்ற இடத்திலிருந்து, விளக்கு வெளிச்சத்தில், எனக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதம்தான் ஆகிறது, என்னைவிட அவருக்குப் பார்வை தெளிவு, அதனால் இதில் நான் வாதாடப் போவதில்லை. ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற ரெண்டு புள்ளிகள்தான், அங்கே பொருள் எதுவும் கிடையாது என்பதை வண்டியில் ஏறியதும் ஒரு கல்லூரிப் பையனிடம் சொன்னேன். "தெரியும் சார், இயற்பியல்தான் படிக்கிறேன்" என்றான். அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவன் அக்கா பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சூரியனார்கோவில் தலபுராணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலவ முனிவருக்கு வரவிருந்த தொழுநோயைக் கிரகங்கள் தங்கள் இஷ்டத்துக்கு நீக்கிவிட, பிரம்மா கோபித்துக்கொண்டு அந்த நோயைக் கிரகங்களுக்கே கொடுத்துவிட்டார், அவை பூமிக்கு வந்து எருக்க இலையில் தயிர்சாதம் வைத்துச் சாப்பிட்டுத் தவம் இருந்து குணமடைந்தன என்பது கதை. ஆக கிரகங்களே இங்கே நோயாளிகளாக வந்தவைதான். பக்கத்தில் திருமங்கலக்குடி சிவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சூரியனிடம் வரவேண்டும் என்பது முறை, எங்கள் வேன் அங்கே நிற்கவில்லை. கேட்டதற்கு "பேக்கேஜ்ல இல்லைம்மா" என்றான் பையன். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

கஞ்சனூரில் நடை சாத்தப் பத்து நிமிடம் இருந்தது. ஓடினோம், பார்த்தோம், வந்தோம்.

மதியச் சாப்பாடு சுமார். சாம்பாரில் உப்பு கம்மி, ரசம் நன்றாக இருந்தது, அப்பளம் ரெண்டாவது கேட்டால் முகம் சுளித்தார்கள். 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்பளத்துக்குக் கணக்குப் பார்ப்பது அசிங்கம். அதைவிட எரிச்சல் நவதானியப் பொட்டலம். கோதுமை, நெல், துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு, ஒவ்வொன்றும் ஒரு பிடி. இதற்கு வேனில் 200 ரூபாய் கேட்டார்கள். அம்மா வீட்டிலிருந்தே ஒன்பது சின்னச் சுருக்குப் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் வழிகாட்டிப் பையனுக்கு எங்கள் மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது, சாயங்காலம் வரை எங்கள் வரிசைக்குத் தண்ணீர் பாட்டில் வரவில்லை.

வைத்தீஸ்வரன் கோவிலில் கூடுதலாக நேரம் கொடுத்தார்கள், முக்கால் மணி நேரம். உப்பும் மிளகும் வாங்கிப் போடுவது, சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பது, திருச்சாந்துருண்டை வாங்குவது, எல்லாம் செய்தார் அம்மா. 4,448 வியாதிக்கும் அந்த உருண்டை மருந்து என்பார்கள், அம்மாவின் முழங்கால் வலி அதில் எத்தனையாவது என்று தெரியவில்லை. வெளியே தெரு முழுக்க நாடி ஜோசியப் பலகைகள். எங்கள் வேனிலிருந்து ரெண்டு பேர் கட்டைவிரல் ரேகை கொடுக்கப் போய், கூப்பிட்டு இழுத்து வரவேண்டியதாயிற்று.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. செவ்வாய் சன்னதியில் எங்கள் வேனிலிருந்து நாலு பெண்களுக்கு அர்ச்சனை, நாலுமே செவ்வாய் தோஷம். அந்தக் கல்லூரிப் பையனின் அக்காவும் அதில் ஒருவர், முப்பத்திரண்டு வயதாம், அவர் பெயரை அவர் அம்மா ரொம்பச் சன்னமான குரலில் சொன்னார். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது விதி. பன்னிரண்டில் ஐந்து. சும்மா கணக்குப் போட்டாலே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தோஷம் வந்துவிடும், அதனால்தான் விதிவிலக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு போர்வையாக உதவிய இதே பாஷை அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் ஒட்டிய சீட்டு. எனக்கு மார்ச்சில் சனி விட்டுவிடும். ஜாதகக் கட்டத்தில் உட்கார்ந்த செவ்வாய் எங்கேயும் போகாது. அவருக்குத் தேதி கிடையாது. இதை வேனில் யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லியிருக்கணும் என்று இப்போது தோன்றுகிறது.

திருவெண்காடு பெரிய கோவில், மூன்று குளங்கள், அகோரமூர்த்தி. இருபது நிமிடத்தில் பார்க்கிற இடமே இல்லை அது, தனியாக ஒருநாள் போகணும். கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவுக்குக் கொள்ளு. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

காரைக்கால் எல்லை தாண்டியதும் டிரைவர் அண்ணன் முதல் வேலையாக டீசல் போட்டார், அங்கே விலை குறைவு. அதில் பதினைந்து நிமிடம் போனது, எங்கள் நேரத்தில் கழித்துக்கொண்டார்கள் என்பதைக் குறிப்பில் வைக்கவும். திருநள்ளாறில் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நளனுக்குச் சனி விட்ட இடம் என்பதால் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கட்டியிருந்த துணியை விட்டுவிட்டு வருவது பழைய வழக்கம். நாங்கள் போகும்போது இருட்டிவிட்டது, தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. நான் அன்றைக்குப் பழைய கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டிருந்தேன், வேண்டுமென்று இல்லை, காலையில் கைக்கு வந்தது அதுதான். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை இங்கேயே விட்டுட்டு வாடா" என்றார். மாற்றுத் துணி கொண்டுவரவில்லை. தவிர நல்ல பருத்தி, இன்னும் ரெண்டு வருடம் வரும்.

வரிசையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். தலைமையாசிரியர் எனக்கு முன்னால். சன்னதியில் குருக்கள் என் பெயர், பூச நட்சத்திரம், கடக ராசி, சிவ கோத்திரம் என்று சத்தமாகச் சொன்னார். காலையிலிருந்து ஒன்பதாவது தடவை யாரோ ஒருவர் என் பெயரைச் சொல்லி எனக்காக எதையோ கேட்கிறார். எட்டாவது தடவை வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பதாவதில் தொண்டை அடைத்தது. காரணம் பசியாகவும் இருக்கலாம், மணி பத்து ஆகிவிட்டது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று தருவேன். நேரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கும் கடைசி வரிசைக் காற்றுக்கும் சேர்த்து ஒன்று கழித்திருக்கிறேன். ரெண்டு நாள் எடுத்து, கும்பகோணத்தில் ஒரு இரவும் மயிலாடுதுறையில் ஒரு இரவும் தங்கிப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே நாளில்தான் முடியும் என்றால் சனிக்கிழமை வேண்டாம், திருநள்ளாறில் மாட்டிக்கொள்வீர்கள். நவதானியத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன் ரெண்டு வரிசையைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள். தனியாக வண்டி பிடித்துப் போவது சௌகரியம்தான், ஆனால் யாரும் திரும்பி "உங்களுக்கு என்ன?" என்று கேட்க மாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் திரும்பும்போது மணி பன்னிரண்டேகால். இறங்கும்போது தலைமையாசிரியர் என் தோளில் கை வைத்து, "மார்ச் வரைக்கும்தான் தம்பி" என்றார். அறைக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்தேன். அம்மா தூங்கிவிட்டார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று விரல் விட்டு எண்ணினேன், எட்டு வந்தது.